மெயினை இறக்கினால் போதாது

எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணைகளுக்கு வயரிங் செய்யும் ஒருவர் போகிற இடமெல்லாம் ஒரே பேச்சைப் பேசிவருகிறார். "சேஞ்ச்ஓவர் சுவிட்ச் தண்டச் செலவுங்க. மெயினை இறக்கிட்டு, ரெண்டு பக்கமும் பிளக் வெச்ச ஒயர்ல இன்வெர்ட்டரையும் செவுத்து சாக்கெட்டையும் சேத்துட்டா, ஷெட்டு பூரா லைட்டு எரியுமுங்க." எரியும்தான். அந்த வெளிச்சத்தைக் காட்டித்தான் பண்ணைக்காரர்களை நம்பவைக்கிறார்.

முட்டைக்கோழிக்கு நாளொன்றுக்குச் சுமார் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். விடியுமுன் கரண்ட் போனால் பண்ணைக்காரருக்கு என்ன பதைப்பு என்று நாமக்கல் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்தப் பதைப்பைத்தான் அவர் காசாக்குகிறார்.

முதல் வாதம், மெயினை இறக்கச் சொல்லித்தானே கொடுக்கிறோம் என்பது. யாரிடம் சொன்னார்? முதலாளியிடம். விடியற்காலை நாலு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் சுவிட்சைத் தேடுகிறவர் பண்ணையில் தங்கியிருக்கும் வேலையாள். ஒருநாள் மறந்தால் தெருக் கம்பியில் கரண்ட் ஏறும். சேஞ்ச்ஓவரின் கைப்பிடி ஒன்று இ.பி. பக்கம் நிற்கும், இல்லை இன்வெர்ட்டர் பக்கம் நிற்கும். இரண்டிலும் சேர்ந்து நிற்காது.

"இன்வெர்ட்டர் சின்னதுங்க. தெரு லோடு ஏறுனா ஓவர்லோடு ஆயி நின்னுபோயிருமுங்க." இதுதான் அவருடைய பலமான வாதம். கேட்பவர் வாயை அடைப்பதும் இதுதான். ஊர் நடுவில் பாதி உண்மை. பண்ணை இருப்பதோ காட்டுக்குள். ஒரு சர்வீஸ் கோளாறைப் பார்க்க லைன்மேன் கம்பத்தில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால், அந்த ஒயரில் மிஞ்சுவது அந்தப் பண்ணையின் லோடு மட்டும். இன்வெர்ட்டர் ஏன் நிற்கப் போகிறது? 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அது எடுத்துக் கொடுப்பது வீட்டுக்கு வரும் அதே 230 வோல்ட். நியூட்ரல் ஒயர் டிரான்ஸ்ஃபார்மரில் பூமியோடு சேர்ந்தே இருக்கிறது. ஃபேஸைத் தொட்டவர் உடம்பு வழியாகச் சுற்று முடிந்துவிடும். வீட்டுக்கு வைக்கும் கசிவுக் காப்பு சுவிட்சை (ஆர்.சி.சி.பி.) 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும்படி செய்திருக்கிறார்கள், அதற்கு மேல் உடம்பு தாங்காது என்பதால். ஒரு 60 வாட் குண்டு பல்பு இழுப்பது அதைப்போல் எட்டு மடங்குக்கும் மேல். ஒரு பல்பு எரியப் போதுமான கரண்ட் ஓர் உயிரை எடுக்கப் போதும்.

இதே யோசனையை ஜெனரேட்டருக்கும் சொல்கிறார். அது இன்னும் கொடுமை. பண்ணைக்கென்று தனி டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால், 11,000 வோல்ட்டைக் குறைத்துத் தரும் அதே டிரான்ஸ்ஃபார்மர் தலைகீழாக வேலை செய்து மேல் கம்பியில் 11,000 வோல்ட்டை ஏற்றிவிடும்.

அந்த ஒயரையாவது யோசித்தாரா? சாக்கெட்டிலிருந்து பிளக் நழுவினால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளைக் காலில் 230 வோல்ட். ஷெட்டில் குழந்தைகள் ஓடியாடுகிறார்கள். மெயின் ஏறியிருக்கையில் இ.பி. கரண்ட் திரும்பினால், இரண்டும் ஒத்துப் போகாமல் மோதி இன்வெர்ட்டர் கருகும்.

கடைசியாக அவர் சொல்வதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. லைன்மேன் கையுறை போட்டிருப்பாராம், கம்பிக்கு எர்த் கொடுத்துவிட்டுத்தான் ஏறுவாராம். நாம் செய்த தப்புக்குக் கம்பத்தில் நிற்பவன் காவல் இருக்க வேண்டுமா? மாதப் பராமரிப்புக்குக் கரண்ட்டை நிறுத்தும் நாளில்தான் இ.பி. ஆட்கள் கம்பத்தில் இருப்பார்கள். ஊரில் எல்லா இன்வெர்ட்டரும் ஓடுவதும் அதே நாளில்தான். இதைத் தெரிந்துகொண்டே ஒயரை மாட்டிக் கொடுப்பவரை வயரிங்காரர் என்று சொல்லக் கூடாது.

பண்ணைக்காரர்களே, உங்கள் ஷெட்டில் அந்த ஒயர் கிடந்தால் இன்றைக்கே நறுக்கிப் போடுங்கள். இன்வெர்ட்டருக்குத் தனி லைன் இழுங்கள், ஜெனரேட்டருக்குச் சேஞ்ச்ஓவர் வையுங்கள். அடுத்த ஷட்டவுனுக்கு முன்னால் செய்யுங்கள்.