கிளட்ச் வழுக்குதா? சமாளிக்காதீங்க!

மக்களே, குப்பை கொட்டறது கொள்ளேகால் தாண்டி ராமாபுரம். ஊருக்குப் போக பர்கூர் மலைப்பாதைதான் வழி. போன பொங்கல் முடிஞ்சு திரும்பும்போது அந்தியூர் தாண்டி மலையேறினா, ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இஞ்சின் அலறுது, வண்டி ஏறல. கருகின வாடை வேற. பின்சீட்ல அம்மா, பசங்க. பின்னாடியே லாரி.

ஒரு மாசமாவே அறிகுறி இருந்துச்சு. "கியர் ஆயில் மாத்தினா போதும் சார்"னார் மெக்கானிக். தலையாட்டினேன். மேனுவல் கார்ல கிளட்ச் தட்டு வேற, கியர் பாக்ஸ் வேற. தேய்ஞ்ச தட்டை எந்த ஆயிலும் காப்பாத்தாது!

சமதளத்துல, முன்னாடி யாரும் இல்லாத இடத்துல, ஹேண்ட் பிரேக் போட்டு, மூணாவது கியர்ல கிளட்சை மெதுவா விடுங்க. இஞ்சின் நின்னா பிழைச்சீங்க. ஓடிட்டே இருந்தா தட்டு காலி. உடனே கிளட்சை மிதிச்சு நிறுத்துங்க. ஆட்டோமேட்டிக்னா ஆயிலைப் பாருங்க. பழுப்பேறி கருகின வாடை வந்தா ஒர்க்‌ஷாப்தான்.

மலையில வழுக்கினா முறுக்காதீங்க. ஓரங்கட்டி ஆறவிடுங்க. அரை கிளட்ச்ல இழுக்கவே கூடாது.

"அட்ஜஸ்ட் பண்ணி ஓட்டிக்கலாம்"ங்கிறது சிக்கனம் இல்லீங்க, கந்துவட்டி. முதல் தவணை தவறும்போதே வாங்கன்னு ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ற பேங்க் ஆபீசர் நான். எனக்கு தட்டோட ஃப்ளைவீலும் சேர்ந்து போச்சு!

அடுத்த பண்டிகைக்குத் துணி எடுக்கறதுக்கு முன்னாடி கிளட்சைப் பாருங்க.