பார்க்கிங் பிரேக்கை ரிப்பேர் பண்ணுங்கள், ஆனால் நம்பித் தொலைக்காதீர்கள்

பழைய சிறு விமானங்களை வைத்து ஓட்டுகிறவர்களிடம் பார்க்கிங் பிரேக் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டே இரண்டு பதில்தான் வரும். ஒரு கோஷ்டி, "அதை எவன் உபயோகிக்கிறான், கழற்றிப் போடு" என்று சொல்லும். இன்னொரு கோஷ்டி, "நான் புதுசாக ஓ-ரிங் மாற்றியிருக்கிறேன், கல்லு மாதிரி நிற்கும்" என்று மார்தட்டும். இரண்டுமே தப்பு என்பதுதான் என் கட்சி. இரண்டாவது கோஷ்டி ஆபத்தானது. முதல் கோஷ்டி அதைவிட ஆபத்தானது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு கதை. கதையல்ல, நடந்தது. 1955 ஆகஸ்ட் 30. ஆஸ்திரேலியாவில் சிட்னி பக்கத்தில் பாங்க்ஸ்டவுன் விமான நிலையம். ஆஸ்டர் ஆர்ச்சர் என்ற சின்ன விமானத்தில் தனியாகப் பறந்து பழகிக்கொண்டிருந்தார் ஒரு பயிற்சி பைலட். தரையில் எஞ்சின் நின்றுவிட்டது. இறங்கி வந்து கையால் புரொப்பெல்லரைச் சுழற்றினார். எஞ்சின் பற்றிக்கொண்டது. பிரேக் விமானத்தைப் பிடித்து நிறுத்தவில்லை. விமானம் அவரை விட்டுவிட்டு ஓட ஆரம்பித்து, ஆளே இல்லாமல் மேலே கிளம்பிவிட்டது! 10,000 அடிக்கு மேல் ஏறி சிட்னி நகரத்தின் தலைக்கு மேலே வட்டமடித்தது. கீழே லட்சக்கணக்கான ஜனங்கள். விமானப்படையின் விர்ராவே ஒன்று போனது. பின்னால் உட்கார்ந்தவர் பிரென் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தார், குளிரில் கை விறைத்துப் போனது. மெட்டியர் ஜெட் போனது, அதன் பீரங்கி மக்கர் செய்தது. கடைசியில் கடற்படையின் இரண்டு சீ ஃப்யூரி விமானங்கள் வந்து கடலுக்கு மேலே வைத்து அதைச் சுட்டு வீழ்த்தின. கிட்டத்தட்ட மூன்று மணி நேரக் கூத்து. யாருக்கும் காயம் இல்லை என்பதால் இன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். அதே விமானம் ஒரு பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்திருந்தால் சிரித்திருப்போமா?

சரி, விஷயத்துக்கு வருவோம். கார் ஓட்டிப் பழகியவர்கள் பார்க்கிங் பிரேக் என்றதும் ஹேண்ட்பிரேக்கை நினைத்துக்கொள்கிறார்கள். குழப்பமெல்லாம் இங்கேதான் ஆரம்பம். நாம் பழகிய காரின் ஹேண்ட்பிரேக் ஒரு தனி ஏற்பாடு. கால் பிரேக் ஆயிலில் வேலை செய்யும், ஹேண்ட்பிரேக் கேபிளை இழுத்துப் பின் சக்கரத்தைப் பிடிக்கும். ஆயில் ஒழுகிப் போனாலும் கேபிள் பிடித்துக்கொண்டிருக்கும். ஹைட்ராலிக் பிரேக் உள்ள சிறு விமானங்கள் பலவற்றில் அப்படித் தனி ஏற்பாடே கிடையாது. கால் பிரேக் எதுவோ அதையேதான் பார்க்கிங் பிரேக்கும் பிடித்து வைக்கிறது. சிலவற்றில் ஒரு சின்ன வால்வு, பெடலை மிதித்து உண்டாக்கிய அழுத்தத்தைக் குழாய்க்குள்ளேயே அடைத்து வைக்கும். பழைய செஸ்னாக்கள் பலவற்றில் டேஷ்போர்டில் இருக்கிற குமிழை இழுத்தால், கேபிள் போய் மாஸ்டர் சிலிண்டரின் தண்டைக் கவ்விப் பிடிக்கும். எப்படியிருந்தாலும் சக்கரத்தைப் பிடித்திருப்பது என்னவோ அடைபட்ட ஆயில்தான்.

அடைபட்ட ஆயில் எவ்வளவு நேரம் அடைபட்டிருக்கும்? ஆயிலை அமுக்கிச் சுருக்க முடியாது என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. சுருங்காத பொருள் ஒரு சொட்டு குறைந்தாலும் அழுத்தம் மொத்தமும் போய்விடும். பலூனில் இருக்கிற காற்று மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையாது. 70 வருஷத்துச் சிலிண்டரில், கீறல் விழுந்த சுவரில், காய்ந்துபோன ஓ-ரிங்கில் ஒரு சொட்டு கசிய எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கசிவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் வெயில் இருக்கிறதே? காலையில் பிரேக்கைப் போட்டு வைத்தால் மத்தியானம் ஆயில் விரிந்து அழுத்தம் ஏறி சீலைச் சோதிக்கும். மத்தியானம் போட்டு வைத்தால் ராத்திரி ஆயில் சுருங்கிப் பிடி தளரும். ஆக, ஓ-ரிங் மாற்றிவிட்டேன் என்று மார்தட்டுகிறவரும் வெப்பநிலையை மாற்ற முடியாது.

மலைப்பாதையில் லாரி பஞ்சராகி நின்றால் கிளீனர் என்ன செய்கிறார்? டிரைவர் ஹேண்ட்பிரேக்கைப் போட்டிருக்கிறாரே என்று பீடி பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. முதலில் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறார். பைலட் லைசென்ஸ் இல்லாத அந்த மனிதருக்குத் தெரிந்தது, விமானத்துக்குச் சொந்தக்காரர்களில் பலருக்குத் தெரியவில்லை :-)

"டைகர் மாத்துக்கு பிரேக்கே கிடையாதே, அதை ஓட்டவில்லையா?" இதுதான் எதிர்க்கட்சியின் பிரம்மாஸ்திரம். உண்மைதான். 1931-இல் முதலில் பறந்த டைகர் மாத்துக்குச் சக்கர பிரேக் கிடையாது, வாலில் சக்கரம்கூடக் கிடையாது, தரையில் உரசிக்கொண்டு வரும் ஒரு கட்டைதான். (கனடாவில் செய்த 82சி வகைக்கு மட்டும் பிரேக்கும் வால் சக்கரமும் வைத்தார்கள்.) ஆனால் ஐயா, அதனால்தானே டைகர் மாத்காரர்கள் கட்டையில்லாமல் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவதில்லை? காற்றடித்தால் இறக்கை நுனியைப் பிடிக்க ஆள் வைத்துக்கொள்கிறார்கள். தன்னிடம் பிரேக் இல்லை என்று தெரிந்தவன் ஜாக்கிரதையாக இருக்கிறான். இருக்கிறது என்று நினைத்துக்கொள்பவனிடம்தான் விமானம் ஓடிப்போகிறது. பைப்பர் ஜே-3 கப் காரர்களுக்கும் இது பொருந்தும். ஸ்டார்ட்டர் கிடையாது, பேட்டரி கிடையாது, 65 குதிரைசக்தி எஞ்சினைக் கையால்தான் சுழற்ற வேண்டும். காலி விமானத்தின் எடை 350 கிலோவுக்குள். த்ராட்டில் நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்திருந்தால் போதும், அது கிளம்பிவிடும். விவரம் தெரிந்தவர்கள் வாலைக் கயிற்றால் கட்டிவிட்டுத்தான் புரொப்பெல்லரில் கை வைப்பார்கள். அமெரிக்க விமானத்துறையின் கையேடும் இந்த வேலையை ஒற்றை ஆளாகச் செய்யாதே என்றுதான் சொல்கிறது. உள்ளே விவரம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இப்போது முதல் கோஷ்டி குதூகலிக்கும். "அதைத்தானே நாங்களும் சொன்னோம்? நம்பக் கூடாத சாமானை எதற்கு ரிப்பேர் பண்ண வேண்டும்?"

அங்கேதான் நிற்க வேண்டும். கெட்டுப்போன பார்க்கிங் பிரேக், பிடிக்காமல் போவதோடு நின்றால் நானும் விட்டுவிடுவேன். அது பிடித்துக்கொண்டு விடாமலும் இருக்கும். முன்பே சொன்னேனே, இது தனி ஏற்பாடு இல்லை என்று. மாஸ்டர் சிலிண்டரில் பெடலை முழுதாக விட்டால் உள்ளே ஒரு சின்ன வழி திறக்கும். செஸ்னா வகைச் சிலிண்டர்களில் அந்த இடைவெளி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். சூட்டில் விரிகிற ஆயில் அந்த வழியாகத் திரும்பிப் போகும். துருப்பிடித்த கேபிளோ, ஸ்பிரிங் போன கவ்வியோ தண்டை ஒரு மயிரிழை அமுக்கி வைத்திருந்தால் வழி அடைபட்டுவிடும். நீங்கள் தரையில் ஓட்டிக்கொண்டு போகப் போக சக்கரம் சூடாகும், ஆயில் விரியும், போக வழியில்லாமல் பிரேக் தானாகவே இறுகும். இறுக இறுக இன்னும் சூடு. ஒரு பக்கம் மட்டும் இப்படி ஆனால்? வால் சக்கர விமானத்தில் எடையின் மையம் முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. இறங்கும்போது ஒரு சக்கரம் இழுத்தால் விமானம் அந்தப் பக்கம் திரும்பும், திரும்பியது மேலும் திரும்பும், இறக்கை தரையில் இடித்த பிறகுதான் நிற்கும். இரண்டு சக்கரமும் பிடித்தால் மூக்கு குத்திக் கவிழும். பிரிட்டிஷ் பாணியில் பழகியவர்கள் இறங்குவதற்கு முந்தைய சரிபார்ப்பை "பிரேக் விட்டிருக்கிறதா" என்று ஆரம்பிப்பது சும்மா இல்லை.

இதில் இன்னொரு கூத்து, ஸ்டிக்கர் கலாசாரம். அமெரிக்க விதி 91.213, விமானத்துக்குக் கட்டாயம் இல்லாத கருவி கெட்டுப்போனால் அதைக் கழற்றியோ செயலிழக்கச் செய்தோ 'வேலை செய்யாது' என்று எழுதி ஒட்டிவிட்டுப் பறக்க இடம் கொடுக்கிறது. நம் ஆட்கள் பாதியைத்தான் படிக்கிறார்கள். குமிழில் ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது. உள்ளே கேபிளும் கவ்வியும் துருவோடு அப்படியே தொங்குகின்றன. செயலிழக்கச் செய்வது என்றால் மெக்கானிக் உள்ளே கைவிட்டு அது தண்டைத் தொடவே முடியாதபடி செய்து, புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவது. காகிதத்தை ஒட்டினால் கவ்விக்குப் படிக்கத் தெரியுமா?

ரிப்பேர் ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானமில்லை. சிலிண்டரைப் பிரித்துச் சுவரில் கீறல் பார்ப்பது, ஓ-ரிங் மாற்றுவது, கேபிள் உறையைச் சுத்தம் செய்வது, ஸ்பிரிங் மாற்றுவது, கடைசியில் காற்றை வெளியேற்றுவது. காற்று மேலேதான் போகும் என்பதால் சக்கரத்துப் பக்கமிருந்து ஆயிலை மேல்நோக்கி ஏற்றுவது நல்லது. கார்க்காரர்கள் மாதிரி பெடலை மிதித்து மிதித்து மாய்ந்து போகத் தேவையில்லை. ஆனால் இதைச் சொந்தக்காரரே வீட்டுத் தோட்டத்தில் செய்யக் கூடாது. விமானச் சொந்தக்காரரான பைலட் தானே செய்துகொள்ளலாம் என்று அமெரிக்க விதி 43-இன் பட்டியல் தருகிற வேலைகளில் டயர் மாற்றுவது இருக்கிறது, தொட்டியில் ஆயில் ஊற்றுவது இருக்கிறது, மாஸ்டர் சிலிண்டரைப் பிரிப்பது இல்லை.

ஆயில் ஊற்றுவதிலும் கோட்டை விடுகிறார்கள். இந்தப் பிரேக்குகளுக்கு ஊற்றுவது சிவப்பு நிறத்தில் இருக்கும் 5606 என்கிற கனிம எண்ணெய். கடைசி நிமிஷத்தில் கையில் இல்லையென்று காரின் டாட்-3 பிரேக் ஆயிலை ஊற்றுகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். இரண்டும் ஆயில்தானே? இல்லை. டாட்-3 கிளைக்கால் வகை. 5606-க்காகப் போட்ட நைட்ரைல் ரப்பர் சீல்களை அது ஊறவைத்துக் கெடுத்துவிடும். ஊதிப்போன சீல் பிஸ்டனைத் திரும்ப விடாது. மறுபடி மேலே சொன்ன அந்த ஒரு மில்லிமீட்டர் கதைதான்.

பழைமை விரும்பிகளிடமும் ஒரு சண்டை பாக்கி. செஸ்னா 140, 170-களில் வந்த குட்இயர் பிரேக்கின் தட்டு சக்கரத்துக்குள் மிதந்தபடி சுற்றும், அதைச் சின்னச் சின்னக் கிளிப்புகள் பிடித்திருக்கும். கிளிப் விழுந்தால் தட்டு ஆடும், ஆடி ஆடிச் சக்கரத்தைத் தின்னும். உதிரிபாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகவே பலர் முறையான அனுமதியோடு கிளீவ்லேண்ட் பிரேக்குக்கு மாறிவிட்டார்கள். "அசல் போய்விட்டதே" என்று அழுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பெயிண்ட் அசலாக இருக்கட்டும், கடிகாரமும் சீட் துணியும் அசலாக இருக்கட்டும். மியூசியத்தில் நிற்கப் போகிறது என்றால் பிரேக்கும் அசலாகவே இருந்துவிட்டுப் போகட்டும். பறக்கப் போகிறது என்றால் உதிரிபாகம் கிடைக்கிற பிரேக்கைப் போடுங்கள்.

அப்படியென்றால் இந்தப் பார்க்கிங் பிரேக் எதற்குத்தான்? நீங்கள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது, எஞ்சினைச் சோதிக்கிற அந்த இரண்டு நிமிஷத்துக்கு, மேப்பை மடிக்கிற அரை நிமிஷத்துக்கு. அப்போதும் கால் பெடலில், கண் வெளியே. இறங்குவதாக இருந்தால் கட்டை, கயிறு, பிறகு பிரேக்கை விட்டுவிடுங்கள். ஹேங்கரில் தீப்பிடித்தால் உங்கள் விமானத்தைத் தள்ளி வெளியே கொண்டுவர வேறு யாராவதுதான் ஓடிவருவார்கள், அவர்களிடம் உங்கள் சாவி இருக்காது.