காரணம் அறிந்து கைவைப்போம்

கிணத்துக்கடவுப் பகுதியில் கிணற்று மோட்டார் நின்றுவிட்டால் உழவர் எவரும் உடனே ஆளைத் தேடி ஓடுவதில்லை. மின்சாரம் வருகிறதா, ஃபியூஸ் போயிற்றா என்று தாமே சோதித்த பின்னரே பழுது பார்ப்பவரை அழைப்பர். அதே வீட்டு வாசலில் நிற்கும் கார் கிளம்ப மறுத்தால் மட்டும் நமக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை. வேளாங்கண்ணிக்குப் புறப்படும் அதிகாலையில், பிள்ளைகளெல்லாம் ஏறி அமர்ந்த பின், சாவியை மீண்டும் மீண்டும் திருகிப் பேட்டரியில் எஞ்சிய உயிரையும் போக்கிவிடுகிறோம்.

கோவை தந்த ஜி. டி. நாயுடு இளமையில் உணவகத்தில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதை அக்கக்காகக் கழற்றிப் பூட்டியே இயந்திரம் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டித் தம் தொழிலைத் தொடங்கினார். நாம் அத்துணை தூரம் போகவேண்டியதில்லை. பழுது எங்கே என்று கண்டுகொள்ளும் அளவு நமக்குப் போதும்.

கார் கிளம்பாவிடில் முதலில் முன்விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருகுவோம். விளக்கு மங்கி ‘டக் டக்’ என்ற ஓசை மட்டும் எழுந்தால் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது இணைப்புத் தளர்ந்திருக்கும். விளக்கு ஒளி குன்றாமலிருக்க ஸ்டார்ட்டர் ஊமையாயின், குறை பெரும்பாலும் ஸ்டார்ட்டரிலோ அதன் வயரிலோ இருக்கும். எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றவில்லையெனில் எரிபொருளையும் தீப்பொறியையும் ஐயுற வேண்டும்.

பேட்டரி முனைகளில் வெண்பச்சையாகப் பூத்திருப்பதை, ஆப்ப சோடா கரைத்த வெந்நீர் நொடியில் கரைத்துவிடும். கழற்றுகையில் நெகட்டிவ் முனையை முதலிலும், பூட்டுகையில் அதையே கடைசியிலும் கொள்க. இந்த முறை மாறினால் ஸ்பேனர் வண்டியின் உடலில் பட்டுத் தீப்பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் வாயு வெளிப்படுவதால் பீடியும் தீக்குச்சியும் அருகே வரலாகாது. மோட்டார் வேலைக்கென மல்டிமீட்டர் வைத்திருப்போர் அதைக் கொண்டே காரையும் அளக்கலாம். ஓய்விலிருக்கும் நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடுகையில் பொதுவாக 13.5 முதல் 14.5 வரை உயர வேண்டும். உயராவிடில் புதுப் பேட்டரி வாங்குவது வீண்செலவு. மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டரையே பார்க்கச் சொல்லவேண்டும்.

பாலக்காட்டுக் கணவாயின் காற்று ஆடியில் நம் பக்கத்துப் புழுதியையெல்லாம் கிளப்பிவிடும். அத்திங்களில் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பார்ப்பது நன்று. தாளால் ஆனதைத் தண்ணீரில் கழுவலாகாது.

பொள்ளாச்சி தாண்டி ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது வெப்பமானி உச்சம் தொட்டால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைப்போம். ரேடியேட்டர் மூடியைத் திறக்கத் துணிவதுதான் பெருந்தவறு. உள்ளே அழுத்தத்தால் அடங்கியிருக்கும் நீர் 100 பாகைக்கு மேல் காய்ந்திருக்கும். மூடி நெகிழ்ந்தவுடன் கொதித்தெழுந்து முகத்தை வேகவைத்துவிடும். அரைமணி நேரமேனும் காத்திருந்து, நன்றாக ஆறியதைக் கண்ட பின்னரே தொடவேண்டும்.

இறக்கமோ இதனினும் கொடிது. கியரை இறக்காமல் பிரேக்கையே நம்பி வருவோருக்குக் கருகல் நாற்றம் வரும். பின்பு மிதி உள்ளே அமிழும். ஈரத்தை ஈர்த்த பழைய பிரேக் ஆயில் விரைவில் கொதிப்பது இதற்கொரு காரணம். ஆகவே கார்க் கையேட்டில் குறித்த காலத்தில், பெரும்பாலும் இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை, அதை மாற்றிவிட வேண்டும். அதன் அளவு குறைந்திருந்தால் மேலும் ஊற்றி நிரப்பி மனநிறைவு கொள்வது அறியாமை. பேட் தேய்ந்திருக்கலாம், கசிவும் இருக்கலாம். பிரேக்கைப் பொறுத்தவரை நம் வேலை பார்ப்பதோடு நிற்கட்டும். குடும்பமே ஏறும் வண்டியில் இதற்குக் கைதேர்ந்தவரே வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் புகுவதும் கூடவே கூடாது.

பட்டறைக்குப் போகையில் “ஏதோ சத்தம் வருகிறது” என்று மட்டும் சொல்லி ஒப்படைத்தால், மெக்கானிக் எதையெதையோ மாற்றிப் பார்க்க நேரும். அதற்கான காசு நம்முடையது. சத்தம் காலையிலா சூடேறிய பின்னா, வளைவிலா மேட்டிலா, எந்த வேகத்தில் என்று ஒரு தாளில் குறித்துக் கொடுப்போம். இரவில் காருக்கடியில் அட்டை விரித்து, விடியலில் கறையின் நிறத்தைப் பார்த்து அதையும் எழுதலாம். கறுப்பு எனில் எஞ்சின் ஆயில். பச்சையோ இளஞ்சிவப்போ பெரும்பாலும் கூலன்ட். வெறுந்தண்ணீர் எனில் ஏ.சி.யின் சொட்டு, அதற்குக் கவலை வேண்டாம்.