நாளைய கடமையைச் சொல்லும் சொல்

தமிழில் ‘வேண்டும்’ என்னும் ஒரே சொல் இன்றைய கடமைக்கும் நாளைய கடமைக்கும் போதுமானது. ஆங்கிலம் அவ்வாறன்று. ‘மஸ்ட்’ என்பதற்கு எதிர்கால வடிவம் கிடையாது. ஆகவே, ‘செய்ய வேண்டியிருக்கும்’ என்று சொல்ல ‘வில் ஹேவ் டு’ என்பார்கள். அலுவலகக் கடிதங்களில் இதுவே ‘வில் பி ரிக்வயர்ட் டு’ என்று மிடுக்காக வரும். சட்டங்களிலும் ஒப்பந்தங்களிலும் கடமையைக் குறிப்பது ‘ஷல்’. ‘செய்தல் வேண்டும்’ என்பது அதன் பொருள். ‘மே’ என்றாலோ ‘செய்யலாம்’ என்பதே.

இவ்விரு சொற்களின் வேறுபாட்டைத் தமிழகம் நன்கறியும். 1949 செப்டம்பரில் நம் இராயபுரம் ராபின்சன் பூங்காவில் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டத்தை நடத்திய அறிஞர் அண்ணா, 1963இல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார். அவ்வாண்டு வந்த ஆட்சிமொழிச் சட்டம், 1965 சனவரி 26க்குப் பின்னரும் இந்தியுடன் ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்றது. அதில் இருந்த சொல் ‘மே’. பயன்படுத்தலாம் என்றால் பயன்படுத்தாமலும் விடலாமே என்று அவர் ஐயுற்றார். ‘ஷல்’ வேண்டும் என்றார். இவ்விடத்தில் இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான் என்றது அரசுத் தரப்பு. ஒன்றுதான் எனில் ‘ஷல்’ என்றே எழுதுவதில் என்ன தடை என்று கழகம் கேட்டது.

1965இல் மூண்ட மொழிப் போராட்டத்தில் உயிர்கள் பல பறிபோயின. 1967இல் சட்டம் திருத்தப்பட்டது. இந்தியை ஏற்காத மாநிலங்களுடன் மத்திய அரசு கொள்ளும் கடிதத் தொடர்புக்கு ஆங்கிலம் பயன்படுத்தப்படல் வேண்டும் என்னும் விதி ‘ஷல்’ என்ற சொல்லுடனேயே இடம்பெற்றது.

அரசுகளே இத்துணை கவனம் செலுத்திய சொற்களை, நம் பிள்ளைகள் வேலைக் கடிதத்தில் படிக்காமலேயே கையொப்பமிடலாமா? திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் தொழிற்சாலை வேலைக்குச் செல்வோரும், கடல் கடந்து பிழைக்கப் போவோரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ‘நிறுவனம் தங்குமிடம் தரும்’ என்னுமிடத்தில் ‘ஷல்’ இருந்தால் அது நிறுவனத்தின் கடமை. ‘மே’ இருந்தால் அவர்கள் விருப்பம். ஆனால், ‘தாங்கள் எங்கும் மாற்றப்படலாம்’ என்னுமிடத்தில் வரும் ‘மே’யை மென்மையானதாக எண்ணிவிடாதீர்கள். அது நிறுவனத்துக்கு அளிக்கப்பட்ட அதிகாரம். அவர்கள் அதைப் பயன்படுத்தும் நாளில் தொழிலாளிக்கு அது கடமையாகிவிடும்.

நீதிமன்றங்கள் சில வேளைகளில் ‘மே’யைக் கடமையாகவும், ‘ஷல்’லை வெறும் நெறிமுறையாகவும் கொண்டதுண்டு. ஆனால் வழக்காடும் வசதி ஏழைக்கு எங்கே இருக்கிறது? கையொப்பமிடும் முன்னரே கேட்டறிவதுதான் அறிவுடைமை.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். தவணை குறித்த கடனை எழுதி வைக்குமாறு அது கட்டளையிடுகிறது. எழுதுபவர் நீதியுடன் எழுத வேண்டும். தாமே வாசகம் சொல்ல இயலாதவருக்காக அவருடைய பொறுப்பாளர் நீதியுடன் சொல்ல வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறது. ஆங்கிலம் அறியாதவர் ஆங்கில ஒப்பந்தத்தின் முன் நிற்கும்போது, அவரும் இயலாதவரைப் போன்றவரே. ஆகவே, வீட்டில் படித்த மகனோ மகளோ இருப்பின், ஒவ்வொரு ‘ஷல்’லையும் ‘மே’யையும் கோடிட்டுத் தமிழில் விளக்கிச் சொல்லட்டும். அதன் பின்னரே பெரியவர்கள் பேனாவை எடுக்கட்டும்.