அந்த இரண்டு பேருக்கு என்ன பெயர்?

கறுப்பர் வரலாறு படிக்கிறோம் என்று சொல்லும் தோழர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அமெரிக்கக் கறுப்பர் நமக்கு உறவுக்காரர் மாதிரிதான். சரி, உறவுக்காரன் வீட்டுக்குப் போய் நமக்குப் பிடித்த அறையை மட்டும் திறந்து பார்ப்பது என்ன உறவு? மால்கம் எக்ஸ் படத்தைச் சுவரில் ஒட்டுகிறார்கள். 1965இல் சுடப்பட்டுச் செத்தபோது அவர் அல்-ஹாஜ் மாலிக் அல்-ஷாபாஸ். அந்தப் பெயரைச் சொல்ல மட்டும் நம்ம முற்போக்கு நாக்கு கூசுது. அவருடைய அரசியல் வேறு, மதம் வேறு என்று கூறு போடுகிறார்கள். இந்தக் கத்தியைக் கொடுத்தது யார்?

பிரேசில் நாட்டு சால்வடோர் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1835 ஜனவரி, ரமலான் மாதம். அடிமைகளும் விடுதலை பெற்றவர்களுமாகச் சுமார் 600 ஆப்பிரிக்கர் இருட்டில் தெருவில் இறங்கினார்கள். முன்னால் நின்றவர்கள் மாலே என்று அழைக்கப்பட்ட முஸ்லிம்கள், பெரும்பாலும் யொரூபாக்கள். முஸ்லிம் அல்லாதவர்களும் கூட வந்தார்கள். பலருடைய கழுத்தில் தாயத்து, அதற்குள் மடித்து வைத்த அரபித் தாள். விடிவதற்குள் நசுக்கிவிட்டார்கள். அப்புறம் போலீஸ் தேடியது கத்தியை மட்டும் அல்ல, காகிதத்தையும்தான். அரபி எழுதிய ஒரு துண்டுத்தாள் அகப்பட்டாலே குற்றத்துக்குச் சாட்சி. வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன சட்டத்தை அறிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். பாசிஃபிகோ லிகுதான் என்று ஒரு கிழவர், அவர்களுக்கு ஓதிக்கொடுத்தவர். கலகத்தன்று சிறையில் கிடந்தார். எசமான் பட்ட கடனுக்கு அவரை ஏலம் போட அடைத்து வைத்திருந்தார்கள். அவரை மீட்கச் சீடர்கள் காசு சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தும் எசமான் விடவில்லை. சிறையில் இருந்தவருக்கும் சவுக்கடி.

இந்த மனிதர்களிடமிருந்து இஸ்லாத்தைக் கழித்துவிட்டு வரலாறு எழுதினால் மிச்சம் என்ன இருக்கும்? கப்பலில் ஏறிய நாளில்தான் கறுப்பனுக்குக் கதை ஆரம்பிக்கிறது, தேவாலயத்துக்குள் போனபிறகுதான் அவனுக்குப் பாட்டு வருகிறது என்ற வெள்ளைக்காரன் கதைதான் இருக்கும்.

இதுவரைக்கும் சொன்னதற்குக் கைதட்டுகிற இஸ்லாமிய நண்பர்களோடும் எனக்குப் பேச்சு இருக்கிறது. அடிமைமுறை என்று வாயெடுத்தாலே பிலாலைக் காட்டுகிறார்கள். நம்ம ஊரில் நந்தனைக் காட்டுவது போல. வித்தியாசம் பெரிதுதான், மறுக்கவில்லை. நந்தனைத் தீயில் இறக்கித்தான் உள்ளே விட்டார்கள். பிலாலைக் கஅபாவின் மேலேற்றிப் பாங்கு சொல்லச் சொன்னார்கள். ஆனாலும் ஒரு பிலாலை வைத்து ஆயிரம் வருஷத்துச் சந்தையை மறைக்க முடியாதய்யா. 869இல் பஸ்ரா பக்கத்து உவர்நிலத்தில் மண் சுமந்த கறுப்பு அடிமைகள் 14 வருஷம் சண்டை போட்டார்கள். அவர்களை அடக்கியது பாக்தாத் கலீஃபாவின் படை. 1615இல் திம்புக்துவைச் சேர்ந்த அறிஞர் அஹ்மத் பாபா ஒரு தீர்ப்பு எழுதினார். கறுப்பு நிறம் ஒருவனை அடிமையாக்கக் காரணம் ஆகாது என்றார். பெரிய வார்த்தை. ஆனால் இறைமறுப்பு காரணமாகும் என்றும் அதிலேயே இருக்கிறது. நிறம் போச்சு, சந்தை போகலை.

அயூபா சுலைமான் தியாலோ கதை இன்னும் உறுத்தும். இன்றைய செனகலில் இருக்கும் புந்து பகுதி, இமாம் வீட்டுப் பிள்ளை. 1731 வாக்கில் இரண்டு அடிமைகளை விற்றுக் காகிதமும் வேறு சாமானும் வாங்கிவரச் சொல்லித் தகப்பனார் அனுப்பினார். காம்பியா ஆற்றங்கரையில் நின்ற ஆங்கிலேயக் கப்பல்காரனோடு விலை படியவில்லை. ஆற்றைத் தாண்டிப்போய் மாடுகளுக்கு மாற்றினார். திரும்பும் வழியில் அவரையே பிடித்து, அதே கப்பல்காரனிடம் விற்றார்கள். மேரிலாந்தில் புகையிலைத் தோட்டம். அவர் தகப்பனாருக்கு எழுதிய அரபிக் கடிதம் லண்டனில் பெரியவர்கள் கண்ணில் பட்டது. மீட்டு, படம் வரைந்து, 1734இல் ஊருக்கு அனுப்பி வைத்தார்கள். அந்த ஓவியம் இன்றைக்கும் இருக்கிறது. மாட்டுக்கு மாற்றப்பட்ட அந்த இரண்டு பேருக்கு என்ன பெயர்? எந்தச் சாமியைக் கும்பிட்டார்கள்? பதிவு இல்லை. நான் கறுப்பர் வரலாறு படிப்பது அந்த இரண்டு பேர் நின்ற இடத்திலிருந்து.

1964இல் மக்காவில் வெள்ளைத் தோல்காரனோடு ஒரே தட்டில் சாப்பிட்டு மால்கம் அடைந்த மகிழ்ச்சி பொய்யில்லை. சவூதியில் அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்து அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது, அதுவும் பொய்யில்லை. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதத் தெரிய வேண்டும்.

இப்படி எழுதினால் மூன்றாவதாக ஒரு கூட்டம் ஓடி வரும். பார்த்தாயா, அரபிக்காரன் கறுப்பனை விற்றான் என்று கண்ணீர் விடும். கறுப்பன்மேல் இவர்களுக்கு எப்போது பாசம் வந்தது? 1981இல் மௌரித்தானியா அடிமைமுறையை ஒழிப்பதாக அறிவித்தது. அதே 1981இல் மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போனபோது, வளைகுடாப் பணம் வாங்கிக்கொண்டு போனார்கள் என்று கூச்சல் போட்டவர்கள் இவர்கள்தான். பஸ்ரா அடிமைக்கு அழுகிற கண், சேரியைத் தாண்டும்போது மட்டும் மூடிக்கொள்ளுது. அவர்களுக்குப் பதில் சொல்ல பஸ்ரா வரைக்கும் போக வேண்டாம். அந்த ஊர்ச் சனங்கள் எந்தத் தெருவில், யாருக்கு முன்னால், எப்படி நடக்க வேண்டியிருந்தது என்று கேட்டாலே போதும்.