படுக்கையில் விழுந்தால்தான் காப்பீடா?

விடியும் முன்பே ஆண்டர்சன்பேட்டையின் லைன் வீடுகளில் விளக்குகள் எரியத் தொடங்கிவிடுகின்றன. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தை ஒன்றிய அரசு இழுத்து மூடிய பிறகு, கோலார் தங்கவயலின் உழைப்பாளி மக்களில் பெரும்பகுதியினர் வேலைக்கு ரயில் ஏறித்தான் ஆகவேண்டும். மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயிலில் பெங்களூரு சென்று இருட்டிய பின் திரும்புவோரில், ஆயத்த ஆடை ஆலைகளிலும் துப்புரவுப் பணிகளிலும் கடைகளிலும் உழைக்கும் பெண்கள் ஏராளம். சுரங்கத்தோடு, தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை அளித்துவந்த சுரங்க மருத்துவமனையும் மூடப்பட்டது. மருத்துவமனை இருந்த இடத்தில் ஆட்சியாளர்கள் இன்று காட்டுவது காப்பீட்டு அட்டையை.

அந்த அட்டையின் மதிப்பை அறிய ஒரு நோயை எடுத்துக்கொண்டாலே போதும். மருத்துவர்கள் பி.சி.ஓ.எஸ். என்றும், மக்கள் பி.சி.ஓ.டி. என்றும் கூறும் சினைப்பை நீர்க்கட்டி நோயே அது. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் 10 முதல் 13 சதவீதத்தினரை இது பாதிப்பதாகவும், அவர்களில் 70 சதவீதம் வரை நோய் இருப்பதையே அறியாதிருப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

நீர்க்கட்டி என்ற பெயரே தவறான எண்ணத்தைத் தருகிறது. சினைப்பையில் தென்படுபவை முழு வளர்ச்சி பெறாத சினைமுட்டைப் பைகள். நோயின் வேர் ஹார்மோன், இன்சுலின் சீர்குலைவில் உள்ளது. மாதவிலக்கு தவறுதல், முகத்தில் முடி வளர்தல், உடல் எடை கூடுதல், கருத்தரிக்கத் தாமதமாதல் ஆகியவை வெளியே தெரியும் அறிகுறிகள். கவனிக்காது விட்டால் நீரிழிவும், கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயும் வரும் அபாயம் கூடுகிறது. இதற்கு வேண்டியது ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மாத்திரை, தொடர்ச்சியான மருத்துவக் கண்காணிப்பு. இவை அனைத்தும் புறநோயாளியாக வந்துசென்று பெறவேண்டியவை, அதுவும் ஆண்டுக்கணக்கில்.

காப்பீட்டுப் பத்திரமோ வேறு மொழி பேசுகிறது. வழக்கமான மருத்துவக் காப்பீட்டில், குறைந்தது 24 மணி நேரம் உள்நோயாளியாகப் படுத்தால்தான் பணம். உள், வெளி நீர்க்கட்டிகள் எவையாயினும் குறிப்பிட்ட காலம் காத்திருக்கவேண்டிய நோய்களின் பட்டியலில் வைக்கப்படுகின்றன. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் தரப்படுத்திய விலக்குப் பட்டியலில் 6ஆவது உடற்பருமன் சிகிச்சை, 17ஆவது மலட்டுத்தன்மைக்கான சிகிச்சை. இந்த நோயின் இரு முக்கிய விளைவுகள் இவ்வாறு வாசலிலேயே நிறுத்தப்படுகின்றன. நோயை மறைத்துப் பத்திரம் எடுத்தால் ‘உண்மையை மறைத்தார்’ என்று கோரிக்கையைத் தள்ளுபடி செய்யலாம். சொல்லி எடுத்தால் ‘முன்பே இருந்த நோய்’ என்று 36 மாதங்கள் வரை காக்கவைக்கலாம்.

அரசுத் திட்டமாவது கைகொடுக்கிறதா? 2018இல் ஆரவாரத்துடன் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்கிறது. அதுவும் மருத்துவமனையில் சேர்வோருக்கே. மாதாந்திர மாத்திரைக்கு அதில் இடமில்லை. கருப்பையை அகற்றும் அறுவைக்கு இடமுண்டு! தேவையற்ற கருப்பை அகற்றல்களைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மூன்று மாதங்களுக்குள் நடைமுறைப்படுத்துமாறு 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட நேர்ந்தது. கருப்பையை அகற்றுவதால் ஹார்மோன் சீர்குலைவு குணமாவதில்லை. வருமுன் காக்கப் பணம் மறுத்து, உறுப்பை வெட்டி எடுக்கப் பணம் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு நலத்திட்டம் என்று பெயர்!

எதிர்பாராத இடருக்கே காப்பீடு, நீடித்த நோய்க்கு அல்ல என்பது நிறுவனங்களின் வாதம். லாபக் கணக்கின்படி அந்த வாதம் சரியாக இருக்கலாம். அப்படியானால் நீடித்த நோயுள்ள கோடிக்கணக்கான மக்களின் மருத்துவத்தை அந்தக் கணக்கிடம் ஒப்படைத்தது யார்? பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவான அதே 1972இல்தான் பொதுக் காப்பீட்டுத் துறை தேசவுடைமையாக்கப்பட்டது. 1999இல் காப்பீட்டுத் துறை தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் சுரங்கம் மூடப்பட்டது. காப்பீட்டில் 26 சதவீதமாகத் தொடங்கிய அந்நிய மூலதன வரம்பு 49 ஆகி, 74 ஆகி, 2025 வரவுசெலவுத் திட்ட உரையில் 100 என அறிவிக்கப்பட்டது. ஆண்டர்சன்பேட்டைப் பெண்ணின் வேலையையும் மருத்துவத்தையும் பறித்தது ஒரே கொள்கைதான்.

கையில் இருக்கும் உரிமை ஒன்றும் வீணாகிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இ.எஸ்.ஐ., புறநோயாளி சிகிச்சையையும் உள்ளடக்கியது. ஊதியத்தில் 0.75 சதவீதம் தொழிலாளியும், 3.25 சதவீதம் முதலாளியும் செலுத்தவேண்டும். ஆனால் பகல் முழுதும் தையல் இயந்திரத்தின் முன்னும், எஞ்சிய நேரம் ரயிலிலும் கழியும் பெண், மருத்துவரைப் பார்க்க ஒருநாள் கூலியை இழக்கவேண்டும். பதிவே செய்யப்படாத ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

நம் அணிகளிடமும் ஒரு குறை உண்டு. மாதவிலக்கு தொடர்பானது என்றாலே அது பெண்களின் வீட்டுச் சங்கதி, மாதர் அமைப்பு பார்த்துக்கொள்ளும் என்று ஒதுக்கும் போக்கு தொழிற்சங்கங்களில் நீடிக்கிறது. சுரங்கத் தூசியால் வந்த சிலிகோசிஸையும் ஒரு காலத்தில் நிர்வாகம் நோயென்றே ஒப்புக்கொள்ளவில்லை. பின்னர் அது இழப்பீட்டுக்குரிய நோயாயிற்று. 1946 நவம்பர் 4 அன்று துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளரைப் பலிகொடுத்த தங்கவயலுக்கு, உரிமைகள் எவ்வாறு கிடைக்கும் என்பதை எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

எனவே தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இவை இடம்பெறவேண்டும். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் புறநோயாளிப் பரிசோதனையும் மருந்தும் சேர்க்கப்படவேண்டும். இந்நோய்க்கு எதிராகக் காத்திருப்பு, விலக்கு விதிகளைப் பயன்படுத்துவதை ஆணையம் தடைசெய்யவேண்டும். ஒப்பந்தப் பெண் தொழிலாளர் அனைவரும் இ.எஸ்.ஐ.யில் பதியப்படவேண்டும். தங்கவயல் அரசு மருத்துவமனையில், ரயிலில் செல்லும் பெண்கள் ஊரில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், பெண் மருத்துவரும் ஸ்கேன் வசதியும் இலவச மருந்தும் கிடைக்கவேண்டும். முதல் வேலையாக, அடுத்த ஆலைவாயில் கூட்டத்தில் இந்த நோயின் பெயரைத் தோழர்கள் தயக்கமின்றி உரக்கச் சொல்லட்டும்.