மறுக்க முடியாத விருந்து

உத்தியோகம் பார்க்கும் இடத்தில் நடைபெறும் ஒன்றுகூடலுக்குப் போகாதவர் ஒன்றில் தலைக்கனம் பிடித்தவர், அல்லது கூடப் பணியாற்றுவோர்மீது நல்லெண்ணம் இல்லாதவர் என்றொரு அபிப்பிராயம், எவரும் சட்டமாக எழுதி வைக்காமலும், அதன் நியாயத்தை எவரும் விசாரித்துப் பாராமலும், நம்மிடையே ஆழ வேரூன்றி நிற்கிறது. வவுனியா நகரத்து வங்கியில் காசாளராக இருப்பவர் அதை நம்புகிறார்; தையல் மெஷினுக்கு முன்னால் நாள் முழுவதும் குனிந்திருக்கும் பிள்ளை நம்புகிறது; பாடசாலை ஆசிரியர்களும் ஆஸ்பத்திரித் தாதியரும் நம்புகிறார்கள். “ஒருநாள்தானே பிள்ளை, போயிட்டு வா, போகாட்டி மனசில வச்சிருப்பினம்” என்று பெற்ற தாயே மகளுக்குப் புத்திமதி சொல்லும் அளவுக்கு இந்த நம்பிக்கை வீட்டு அடுப்படிவரை வந்துவிட்டது. இது பிழையான நம்பிக்கை மாத்திரமன்று, தீங்கான நம்பிக்கையும் ஆகும் என்பதே என் கட்சி.

பூவரசங்குளத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குளத்தையும் வயலையும் மாட்டையும் நம்பி வாழ்ந்த இந்தப் பக்கத்துக் கிராமங்களில், சம்பளம் தருபவர் விருந்துக்கும் அழைப்பார் என்ற வழக்கம் நம் பாட்டன்மார் அறியாதது. கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா, சூடடித்து முடிந்தபின் பொங்கும் பொங்கல் என்பனவே நாம் அறிந்த கூட்டங்கள். 2009இன் பின்னர், செட்டிகுளத்து முகாம்களிலிருந்து சனங்கள் மெல்ல மெல்ல ஊர் திரும்பிக் கூரை போட்டுக் குடியேறிய காலத்தில்தான், கிளிநொச்சியில் வானவில், விடியல் என்ற பெயர்களில் மாஸ் நிறுவனத்தின் ஆடைத் தொழிற்சாலைகளும், வவுனியாவில் ஒமேகா லைன் தொழிற்சாலையும், நகரத் தெருவெங்கும் லீசிங் கொம்பனிகளும் காப்புறுதி அலுவலகங்களும் வந்தன. 2021இல் பம்பைமடுவில் இருந்த வளாகம் வவுனியாப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. மாதச் சம்பளம் என்ற புதிய ஆதாரம் எங்கள் வீடுகளுக்குள் வந்தது நன்மையே. அதைக் குறைகூற எனக்கு மனமில்லை. நான் எந்தவொரு நிறுவனத்தையும் சுட்டிப் பேசவுமில்லை. சம்பளத்தோடு கூடவே வந்து சேர்ந்த இந்த நம்பிக்கை ஒன்றைப் பற்றித்தான் பேசுகிறேன்.

மார்கழி பிறக்குமுன்னே மேசை மேசையாக ஒரு கடுதாசி வரும். கோடு போட்ட அந்தத் தாளில் பெயர், பிரிவு, மச்சமா சைவமா, காசு தந்தாயிற்றா என்று நான்கு பத்திகள் இருக்கும். வரவில்லை என்று எழுதுவதற்கு மட்டும் ஒரு பத்தி இராது. கடுதாசியைக் கொண்டுவருபவர் பேனாவையும் சேர்த்தே நீட்டுவார். தயங்கினால், “எல்லாரும் வருகினம், நீர் மட்டும் ஏன்?” என்பார். ஆறரைக்கென்று அறிவிக்கப்பட்ட விழாவுக்குப் பிரதம விருந்தினர் எட்டு மணிக்கு வருவார். மங்கள விளக்கேற்றலும் வரவேற்புரையும் விருது வழங்கலும் முடிந்து, பாட்டுப் பெட்டிகள் காதை அடைக்கத் தொடங்கியபின், ஆண்களிற் சிலர் இருவரும் மூவருமாக மண்டபத்தின் பின்பக்கம் போய்ப் போய் வருவார்கள். சாப்பாட்டு மேசை திறபடும்போது பத்து மணியாகியிருக்கும். நெளுக்குளம், பம்பைமடு வழியாக வரும் கடைசி பஸ் அதற்கு எவ்வளவோ முன்னரே போய்விட்டிருக்கும். பிறகு, வாடகைக்குப் பிடித்த வேன் நகரத்துப் பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கிவிட்டு, ஆகக் கடைசியாகத்தான் எங்கள் பக்கம் திரும்பும். சந்தியில் ஒரு தகப்பன், யானைப் பயமுள்ள வீதியில், கையில் டோர்ச் லைற்றோடு மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்பார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்தப் பிள்ளை திரும்பவும் வேலைக்குப் போக வேண்டும். அந்த இரவில் அவளுக்குக் கிடைத்த சந்தோஷம் எது என்று கேட்டால், வீடு வந்து சேர்ந்ததுதான் என்பாள்.

இதை விருந்தென்று அழைப்பது நியாயமா? வேண்டாமென்று சொல்ல இயலாத அழைப்பு, அழைப்பின் உடுப்பை உடுத்திக்கொண்டு வந்த கட்டளையேயாகும். கட்டளைக்குக் கீழ்ப்படிந்து மேலதிகாரியின் திருப்திக்காகச் செலவிடப்படும் நேரம் வேலை நேரமேயாகும். இலங்கையின் 1954ஆம் ஆண்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வேலைக்கு எல்லை கட்டி, அதைக் கடந்தால் ஒன்றரை மடங்கு கூலி கொடுக்கச் சொல்கிறது. தொழிற்சாலைகளில் பெண்களின் இரவு வேலையைப் பற்றிய சட்டமோ, 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், எந்தப் பெண்ணையும் அவளுடைய விருப்பத்துக்கு மாறாக இரவில் வேலை செய்ய நிர்ப்பந்திக்கலாகாது என்றும், தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்றும், மாதத்தில் 10 இரவுகளுக்கு மேற்படலாகாது என்றும் தெளிவாக விதிக்கிறது. உற்பத்திக்காக இரவில் தங்கச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லும் உரிமை ஒரு பெண்ணுக்கு உண்டென்று அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்க, உல்லாசத்துக்காக இரவில் தங்கச் சொன்னால் மாட்டேன் என்று சொல்வது மரியாதைக் குறைவென்று நாம் எந்த முகத்தோடு சொல்கிறோம்? வேலையை மறுக்கலாம், ஆனால் கொண்டாட்டத்தை மறுக்கக் கூடாது என்பது என்ன தர்மம்?

பிற தேசங்களிலும் இந்த வழக்கு நீதிமன்றம்வரை போயிருக்கிறது. பாரிஸ் நகரத்து ஆலோசனை நிறுவனமொன்றில், வார இறுதி மதுபானக் கூட்டங்களிலும் அவற்றைச் சார்ந்த கேளிக்கைகளிலும் கலந்துகொள்ள விரும்பாத ஊழியர் ஒருவர், நிறுவனத்தின் உல்லாசப் போக்கோடு ஒத்துப்போகவில்லை என்ற குற்றச்சாட்டும் சேர்த்துச் சுமத்தப்பட்டு, 2015இல் வேலைநீக்கம் செய்யப்பட்டார். 2022 நவம்பரில் பிரான்சின் உச்ச மேன்முறையீட்டு மன்றம், அவ்வாறு கலந்துகொள்ள மறுப்பது அவருடைய கருத்துச் சுதந்திரத்தின் பாற்பட்டது என்று தீர்த்தது. அதற்கும் முன்னால், வேலை முடிந்தபின் மேலதிகாரியோடு குடித்துத் தீர வேண்டும் என்ற வழக்கம் வலுத்திருந்த தென் கொரியாவில், தமக்குக் கீழ்ப் பணியாற்றிய பெண்ணைக் குடிக்கும்படி வற்புறுத்திய அதிகாரி அவளுக்கு 3 கோடி வொன் நட்டஈடு செலுத்த வேண்டுமென்று 2007இல் சோல் மேல்நீதிமன்றம் கட்டளையிட்டது. செல்வம் கொழிக்கும் நாடுகளில் உயர்ந்த சம்பளம் வாங்குபவர்களுக்கே இந்த நிர்ப்பந்தம் தாங்க முடியாததாக இருந்ததென்றால், ஒரு மாதச் சம்பளம் தவறினால் லீசிங் கட்டணம் தவறிவிடும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதை எப்படி எதிர்ப்பார்கள்?

“எங்கட தமிழ்ப் பண்பாட்டில விருந்துக்குக் கூப்பிட்டாப் போகாமல் விடுறதில்லை” என்று சிலர் சொல்வார்கள். இந்த வாதம்தான் எனக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தருகிறது. நம்முடைய பண்பாடு சொல்வது இதற்கு நேர்மாறு. திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரமாகிய விருந்தோம்பலை எடுத்துப் பாருங்கள்: பத்துக் குறளும் வரவேற்பவருடைய கடமையைப் பேசுகின்றனவேயன்றி, வந்தே தீர வேண்டும் என்று வருபவர்மேல் ஒரு கடமையையும் சுமத்தவில்லை. ஊர் வழக்கையும் பாருங்கள். ஒரு வீட்டில் இழவு விழுந்தால், துடக்குக் கழிந்து, அந்தியேட்டி முடிந்த பின்னரும், ஆட்டைத் திவசம் வரையில் அந்த வீட்டார் கலியாணவீடுகளுக்குப் போகமாட்டார்கள்; அழைப்பவர்களும் அது தெரிந்தே வெற்றிலை வைத்துச் சொல்லிவிட்டு, வராததைக் குறையாக எடுக்கமாட்டார்கள். சந்தோஷம் கொண்டாட ஒருவருக்கு மனம் ஒப்பாத காலம் உண்டு, அந்தக் காலத்தில் அவரைத் தனியே விட்டுவிடுவதே மரியாதை என்ற நுட்பமான அறிவு, பள்ளிக்கூட வாசல் மிதியாத நம் மூதாட்டியரிடம் இருந்தது.

வன்னியில் இந்த அறிவு மற்றெவ்விடத்தைக் காட்டிலும் அதிகமாக வேண்டியிருக்கிறது. 2017 பெப்ரவரி 20ஆம் தேதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் உட்கார்ந்து தொடங்கிய போராட்டத்தை அறியாதவர் இங்கு இல்லை. அவ்வாறான வீடுகளில் இறந்த திகதி தெரியாது. ஆகவே அந்தியேட்டியும் இல்லை, திவசமும் இல்லை. துக்கம் முடிந்து நல்ல காரியங்களுக்குப் போகத் தொடங்கலாம் என்று எந்தப் பஞ்சாங்கமும் அவர்களுக்கு நாள் குறித்துக் கொடுக்காது. அந்த வீட்டுப் பிள்ளையொன்று இன்று ஒரு அலுவலகத்தில் கணக்கெழுதிக்கொண்டிருக்கலாம். கணக்கில் ஒரு சதம் பிசகவிடாத அந்தப் பிள்ளை, பைலாப் பாட்டுக்குக் கை தட்ட வரவில்லை என்பதற்காக, “அவ ஒருமாதிரி, ஒருத்தரோடையும் சேரமாட்டா” என்று பெயர் சூட்டுகிறார்களே, அந்தப் பெயரைச் சூட்டும் வாய்க்கு இரக்கம் என்ற ஒன்று தெரியுமா? காரணத்தைச் சொன்னால் விட்டுவிடுவோமே என்று பதில் வரலாம். தன் வீட்டுப் புண்ணை ஒன்றுகூடல் குழுவின் செயலாளருக்கு அவிழ்த்துக் காட்டி விலக்குப் பெறவேண்டிய அவசியம் ஒருவருக்கு ஏன் வரவேண்டும்?

“நாங்கள் எல்லாரும் ஒரே குடும்பம்” என்று மேடையில் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. குடும்பமென்றால் அதற்கும் நம்மிடம் ஒரு அளவுகோல் இருக்கிறது: நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகவேணும் என்பார்கள். ஊழியரின் தகப்பன் செத்த வீட்டுக்குச் செட்டிகுளத்துச் செம்மண் ஒழுங்கையால் நடந்து வந்து, வாங்கில் அரைமணி நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் போன மனேஜர் ஒருவரை நான் அறிவேன். அவருடைய அலுவலகத்தில் யாரும் யாரையும் பட்டியல் கொண்டு துரத்துவதில்லை, ஒன்றுகூடலுக்கு முக்கால்வாசிப் பேர் தாமாகவே போகிறார்கள். ஊழியர் சுகவீனமாய்க் கிடந்தபோது எட்டிப் பாராமல், மகப்பேற்று விடுமுறை கேட்டபோது முகஞ்சுளித்து, வருட முடிவில் மாத்திரம் குடும்பம் என்று சொல்லி அழைப்பவரிடம், அந்த உறவை அங்கீகரிக்க வேண்டிய கடமை எவருக்கும் இல்லை.

இன்னொரு வாதம், போனால்தான் முன்னேறலாம் என்பது. உண்மையாகவே பதவியுயர்வும் நிரந்தர நியமனமும் அந்த மண்டபத்தின் பின்பக்கத்தில் தீர்மானமாகின்றன என்றால், அது ஒன்றுகூடலுக்குப் போவதற்கான நியாயமன்று. அந்த நிறுவனத்தின் நிர்வாகத்துக்கு எதிரான குற்றப்பத்திரிகை. பின்பக்கத்துக்குப் போக முடியாதவர்கள் யார்? பெண்கள், மது தொடாதவர்கள், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள். அவர்களுடைய உழைப்பை மேசையில் எடைபோடாமல், கோப்பையில் எடைபோடுகிற வழக்கத்துக்குப் பயந்து தலை சாய்ப்பதாற் பயனடைவது அந்த வழக்கம் ஒன்றுதான். ஒற்றுமை வளரும் என்பதும் வெறும் பேச்சு. மெஷின் பழுதான பொழுதில் தன் வேலையை விட்டுவந்து உதவிய கையும், கணக்கு ஒத்துவராத மாதக்கடைசியில் கூட இருந்து பார்த்த கண்ணும் வளர்க்கின்ற ஒற்றுமையை, பேச்சுக்குரல் கேளாத இரைச்சலுக்குள் ஒரு இரவு நின்று எவர் வளர்த்தார்?

விரும்பிப் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். ஆடட்டும், பாடட்டும், அவர்களுடைய மகிழ்ச்சியில் எனக்குப் பங்குண்டு. விருப்பமில்லாதவர்களுக்கு நான் சொல்வது ஒன்று: பொய் சொல்லாதீர்கள். இந்த நம்பிக்கையின் மிகப் பெரிய கெடுதல், சத்தியவான்களையும் அது பொய்யர்களாக்கிவிடுகிறது என்பதுதான். ஒன்றுகூடல் நாளில் எத்தனை பேருக்கு வயிற்றுக்குத்து, எத்தனை அம்மம்மாமாருக்குத் திடீர்க் காய்ச்சல்! “அழைச்சதுக்கு நன்றி சேர், எனக்கு வர வசதியில்லை” என்று நேரே நின்று மரியாதையாகச் சொல்லுங்கள். அதற்குமேல் ஒரு விளக்கமும் கொடுக்க வேண்டாம்.

பொறுப்பில் இருப்பவர்களுக்குச் சொல்வது அதைவிடச் சற்று நீளம். விழாவைப் பகலில், வேலை நேரத்துக்குள், சம்பளம் வெட்டாமல் வையுங்கள். செலவு முழுவதும் நிறுவனத்துடையதாக இருக்கட்டும். தன் சாப்பாட்டுக்குத் தானே காசு கட்டுபவரை விருந்தினர் என்று சொல்ல முடியாது. சார்ள்ஸ் டிக்கின்ஸ் 1843இல் வெளியிட்ட நத்தார்க் கதையில் வரும் முதலாளி பெசிவிக், நேரத்தோடு வேலையை நிறுத்தி, கடையையே ஒதுக்கித் துப்புரவாக்கி, தம் செலவில் விருந்து வைத்து, முடிவில் மனைவியோடு வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து அனுப்புகிறார். நூற்றெழுபது வருஷத்துக்கு மேலாகியும் உலகம் அவரை நினைத்திருப்பதற்கு அதுவே காரணம். வேனை மாலை நான்கு மணிக்கே, தூரத்துப் பிள்ளைகளை ஏற்றி முதலில் அனுப்புங்கள். பட்டியல் சுற்றத்தான் வேண்டுமென்றால், வரவில்லை என்பதற்கும் அதில் ஒரு பத்தி போட்டு, அந்தப் பத்தியில் முதற் கையெழுத்தை வைக்கும் ஊழியரிடம் மறுநாள் காலை வேலையைப் பற்றி மட்டும் பேசுங்கள்.